ஸ்டியரிங்கில் இடிக்கும் ஹெடர்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கே நான், பாப்பா, அத்தை மூவரும் நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள். போனில் பேசினால் பத்து நிமிடமும் கார் சைலன்ஸர் பேச்சிலேயே போய்விடுகிறது. நான் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் உங்களுக்கு ஷிஃப்ட் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். வண்டி தயாரானதும் ஊருக்கு வருகிறேன் என்றீர்கள், எனவே வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இன்ஜின் புகையை வெளியே தள்ளுகிற குழாய்க்கொத்து என்று சொன்னீர்களே, அந்த ஹெடர் பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. தூக்கி வந்தவர் உள்ளே என்ன பீரங்கியா என்று கேட்டார். பாப்பா ஆறு குழாயையும் எண்ணிவிட்டு, இதை எந்தப் பக்கம் ஊத வேண்டும் என்றாள். உங்கள் அம்மா, துணி காயப்போட வசதியாக இருக்கும் என்கிறார்.

மறுநாளே மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு பைப், பின் மூன்றுக்கு ஒரு பைப், இரண்டும் கடைசிவரை தனித்தனியாக வரவேண்டும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். யோசனை சரிதான், இரண்டு பக்கமும் மாறி மாறி வெடிப்பதால் சத்தம் சீராக வரும் என்றார். ஹெடர் இவ்வளவு நீளமாக இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இழுவை கூடுமாம், ஆனால் தரையோடு தொங்குமாம். நம் தெருவில் மட்டும் நான்கு வேகத்தடை.

அந்த இடத்தில் இருந்த பழைய புகைக்குழாய் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு உங்களுடையதை வைத்துப் பார்த்தார். மூன்றாவது போல்ட்டிலேயே நின்றுவிட்டார். பின்பக்கக் குழாய்கள் நேராகப் போய் ஸ்டியரிங் தண்டில் இடிக்கின்றன. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ம்ஹூம். கையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, இது ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வண்டிக்கு. அவர் அங்கேயே பழகிட்டார்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இந்த வண்டியை நீங்கள் எத்தனை தடவை பிரித்து மாட்டியிருப்பீர்கள்! கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஸ்க்ரூ எங்கே என்று சொல்வீர்களே. வெளிநாடு போன ஐந்து வருஷத்தில் ஸ்டியரிங் இருக்கும் பக்கமே மறந்துவிட்டதா? தினமும் அங்கே அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், குதிக்காதீர்கள். வெல்டிங் கடையில் தண்டை விட்டு விலகிப் போகிற மாதிரி குட்டை ஹெடர் அடித்து மாட்டியாகிவிட்டது. பின்னால் இரண்டு பைப், நீங்கள் கேட்டபடியே. சைலன்ஸர் மட்டும் சத்தம் குறைந்ததாக நான் எடுத்தேன். பக்கத்து வீட்டு நர்ஸ் பகலில்தான் தூங்குவார், அவரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? சத்தம் நன்றாகவே இருக்கிறது, அடித்தொண்டையில் பேசுகிற ஆள் மாதிரி. எப்படித் தெரியும் என்றால், நான்தான் ஓட்டுகிறேன். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதமாகிறது. இரண்டு தடவை சொல்ல வந்தேன், இரண்டு தடவையும் நீங்கள் கேஸ்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

முதலில் கியர்பாக்ஸ் முடிந்ததும் வருகிறேன் என்றீர்கள். அடுத்த வருஷம் பெயிண்ட் அடித்ததும் என்றீர்கள். இந்த வருஷம் இது. இனி மாற்ற ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதனால் இனிமேல் சாமான் எதுவும் அனுப்ப வேண்டாம். டிக்கெட் போட்டு, தேதியை எழுதுங்கள். உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, அவ்வளவுதான். வருகிற எண்ணம் இல்லையென்றால் அதையாவது எழுதிவிடுங்கள், பாப்பாவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்க வேண்டும். எதுவானாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டிலேயே இருக்கும்,
பாப்பா அம்மா