அட்டையில் நான்கு சொட்டு

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை மூன்று மணிக்கு மேல், வழக்கம்போல.

அவருடைய மோட்டார் சைக்கிளில் எண்ணெய் ஒழுகுவது நிற்க வேண்டும் என்று நான் நிஜமாகவே விரும்புகிறேனா? தெரியவில்லை. எழுதிப் பார்த்தும் தெரியவில்லை.

லேகா இன்றும் வந்தாள். மூன்றாவது ஞாயிறு. அவருடன் இன்ஜினியரிங் படித்தவள். இருபது வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு ஓணத்துக்குப் பிறகு பூஜப்புரைக்குத் திரும்பியிருக்கிறாள். தனி ஆள். சொந்த பைக். தானே பிரித்து மாட்டுவாளாம்.

இருவரும் போர்ட்டிகோவில் தரையில் உட்கார்ந்து இன்ஜினுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே கேட்டது:

"எடா சிவா, கண்ட போல்ட்டை எல்லாம் முறுக்காதே. த்ரெட் போயா பின்னே நீ இருந்து கரையும்."

"அழுதா நீதான் வந்து சரிபண்ணுவியே."

"அய்யட. எனக்கு வேற பணியில்லே பாரு."

அவர் சிரித்தார். ஐம்பத்திரண்டு வயது ஆளை 'எடா' என்று கூப்பிட இந்த ஊரில் இன்னொருத்தி இல்லை. அவருடைய அக்காகூட 'தம்பி' என்றுதான்.

லேகாவின் தீர்ப்பு: சைடு கவர் காஸ்கெட், இன்ஜின் பக்க மூடியின் இடுக்கை அடைக்கும் பட்டை, போய்விட்டது. புதியது வாங்கி அடுத்த ஞாயிறு மாற்றலாம்.

இன்னும் ஒரு ஞாயிறு. டீ இரண்டு முறை. கை துடைக்க அவளுக்குக் கொடுத்தது என் பழைய நைட்டியின் துண்டு. நன்றாகத் துடைத்தாள்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். உள்மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். எஸ்4, நான்காம் செமஸ்டர் கெமிஸ்ட்ரி, பாதி முடிந்தது.

வண்டிக்கு அடியில் அட்டை விரித்திருக்கிறார். காலையில் நான்கு சொட்டு. ஆபீசுக்கு பஸ், மாலையில் மட்டும் வண்டியில் கிழக்கேகோட்டை வரை ஒரு சுற்று. சொட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாப்பிடும்போது 'லேகா சொன்னா' ஐந்து முறை. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினேன். காலேஜ் காலத்திலேயே லேகா கார்புரேட்டரைப் பிரித்தாளாம்.

"அப்பவே ஒங்களுக்குப் பின்னால உக்காந்து போயிருப்பாளே."

"அவளா? பின்னால உக்கார மாட்டா. ஓட்டத்தான் செய்வா."

நான் இருபத்திரண்டு வருடமாகப் பின்னால் உட்கார்ந்து போகிறேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஐந்தரைக்கு வாசல் தெளிக்கப் போனேன். அட்டையில் நான்கு சொட்டு. இன்ஜின் அடியில் ஐந்தாவது தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்தேன். அட்டையைத் திருப்பிப் போட்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை செய்தது. இல்லை, பொய். திட்டம்தான். ஒழுக்கு இல்லையென்றால் ஞாயிறு இல்லை.

ஏழு மணிக்கு அவர்: "கோமு, இங்க வா. இன்னைக்கு ஒண்ணுமே இல்ல பாத்தியா? ரெண்டு போல்ட் நான் முறுக்கினேன்லா, அதான் கேட்டியா."

லேகாவுக்கு மெசேஜ் போட்டார். பதில் வந்தது. போனைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப ஞாயித்துக்கெழம வரண்டாம்னு சொல்லிரட்டா?"

"ஒங்க இஷ்டம்."

நாள் முழுக்க நன்றாகப் பாடம் எடுத்தேன்.

நவம்பர் 12, புதன்

காலையில் மறுபடி துடைத்தேன். இன்று ஐந்து.

வாங்க: துவரம்பருப்பு, டியூப் லைட், அவருக்கு பி.பி. மாத்திரை.

மாலையில் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை: "ஒழுக்குதான் நின்னுட்டே. சனிக்கெழம பொன்முடி போயிட்டு வரலாம்னு லேகா சொல்லுகா. அவ வண்டியில அவ, என் வண்டியில நான்."

எண்ணெய் ஒழுகும்வரை அவர்கள் என் போர்ட்டிகோவில், என் கண்ணெதிரில் இருந்தார்கள். மலைக்கு அனுப்பியது நான்.

இன்னொன்று. எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது. அவர் இனி பார்க்க மாட்டார், சரியாகிவிட்டது என்று நம்புகிறார். ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இறுகி நின்றால்? சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் அருகே போனேன். "என்ன?" என்றார். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

அரை நாள் லீவு. அவர் போனபின் வேலை.

சொட்டு விழும் இடம் ஒழுகும் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எண்ணெய் ஊரும். முதலில் மண்ணெண்ணெய் தொட்டு இன்ஜின் முழுக்கத் துடைத்தேன். காயவிட்டேன். முகப் பவுடரை எல்லா இடத்திலும் தூவினேன். எண்ணெய் பட்ட இடம் கறுக்கும், கோட்டைப் பிடித்து மேலே போனால் ஊற்று தெரியும்.

கிக்கரை உதைக்கத் தெரியவில்லை. ஒன்பதாவது உதையில் பிடித்தது. கணுக்காலில் சிராய்ப்பு. ஸ்டாண்டில் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.

காஸ்கெட்டின் விளிம்பு வெள்ளை வெளேரென்று அப்படியே. கறுத்த கோடு மேலே போயிற்று, சிலிண்டருக்குப் பின்னால், யாரும் பார்க்காத பக்கம். இன்ஜின் தலைக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாய், அதைப் பிடித்திருக்கும் போல்ட். ஒழுக்கு அங்கே. வழிந்து வழிந்து கீழே வந்து காஸ்கெட் மேல் பழி.

லேகாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இவ்வளவு சந்தோஷம் நல்லதல்ல.

அந்த போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர், கசிவை அடைக்கும் வளையம். புதியது வாங்க சாலை பஜாருக்கு ஆட்டோ. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். "என்ன அளவு?" தெரியாது என்றேன். "அளவு தெரியாம வந்து நிக்கிதியளே டீச்சர். சாரை அனுப்புங்க." பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

சாரை அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு ஸ்பானர் மாற்றிப் பார்த்து போல்ட்டைக் கழற்றினேன். வாஷர்கள் நசுங்கி இறுகிப் போயிருந்தன. செம்பைச் சிவக்கச் சுட்டால் மறுபடி இளகும்; வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன், செய்ததில்லை. இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கவைத்து, தண்ணீரில் போட்டு, கறுப்பைப் புளி தேய்த்து எடுத்தேன். புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. திரும்ப மாட்டினேன், அளவாக முறுக்கினேன், கண்ணில் படும் பவுடரைத் துடைத்தேன். அவர் வைத்திருக்கும் டப்பாவிலிருந்து எண்ணெய், அளவுக் கம்பியின் மேல் கோடு வரை.

அவர் மாலையில் வழக்கம்போல ஒரு சுற்று போய்வந்தார். "என்ன பவுடர் வாசம்?" என்றார். "குளிச்சேன்" என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

விடியுமுன் மழை. அட்டை காய்ந்து கிடக்கிறது. துடைக்க ஒன்றுமில்லை.

அவள் சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதைத் தவிர காலையிலிருந்து வேறு நினைப்பு இல்லை. ஆனால் நான் கண்டுபிடித்தேன் என்றால், நின்றுபோன ஒழுக்கை எதற்குத் தேடினாய் என்பார். துடைத்ததைச் சொல்ல வேண்டும். ஏன் துடைத்தேன் என்பதையும்.

சொன்னால் ஜெயிப்பேன், மானம் போகும். சொல்லாவிட்டால் நான் சரிசெய்த வண்டியில் அவளோடு மலையேறுவார்.

எஸ்4 முடித்தேன். எல்லோருக்கும் மதிப்பெண் கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன். திரும்பப் பார்க்க வேண்டும்.

நாளைக் காலை என்ன செய்வேன், தெரியாது.

நவம்பர் 15, சனி

நடந்தது:

ஆறரைக்கு லேகா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே வண்டியைச் சுற்றி வந்து குனிந்தாள். சிலிண்டருக்குப் பின்னால் விரலை விட்டு எடுத்தாள். விரலில் வெள்ளை.

"எடா, இது பவுடர் அல்லே? இந்த வாஷர் ஆரு மாத்தினது? மின்னுது."

"நான் தொடவே இல்லையே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் டீ டம்ளர்கள்.

"நான்தான்," என்றேன். "வியாழக்கிழமை வரை ஒழுகிக்கிட்டுதான் இருந்தது. விடியக்காலம் நான் தொடச்சுருவேன். காஸ்கெட் இல்ல. இங்க."

லேகா நிமிர்ந்தாள். "அப்ப எனக்குத்தான் தெற்றிப் போச்சு, காஸ்கெட்னு தப்பா சொல்லிட்டேன். ஆனா தொடச்சது எதுக்கு?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. புரிந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

அவருக்குப் புரியவில்லை. அல்லது வேறொன்று மட்டும் புரிந்தது. "எண்ணெய் இல்லாம நான் வளைவுல போயிருந்தேன்னா என்ன ஆயிருக்கும் கோமு?" குரலை உயர்த்தவில்லை.

"நீயும் வா கோமதி," என்று சொன்னது லேகா. அவர் ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டியல் கொடுக்கணும் என்றேன். போனார்கள்.

நான்கு மணிக்கு நனைந்து திரும்பினார், தனியாக. ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார். தலை துவட்டிக்கொண்டே, "லேகா ஒன்னோட நம்பர் கேட்டா. அவ வண்டியிலயும் எங்கயோ ஒழுகுதாம், ஒன்னைப் பாக்கச் சொல்லணுமாம். குடுக்கட்டா?"

கொடுக்க வேண்டாம் என்றேன்.