சுவரில் ஒட்டிய உன் பெயர்

நேற்று கல்லூரிக்குள் நுழைந்ததும் ரப்பர் பசை நாற்றம் மூக்கில் ஏறியது. நாம் மாடல் ஒட்டிய அதே பசை. உன் துப்பட்டாவை விட்டுக் கடைசி வரை போகாத நாற்றம். அதைத் தடவி உன் பெயரைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், நீல அக்ரிலிக் எழுத்துகளில். குடும்பத்தில் முதல் ஆளாகக் கட்டடக்கலை படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தனி அறையாம். அதற்கு உன் பெயர். செத்த பிறகு உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள், வாழ்த்துகள்.

முதலாண்டு டிசைன் ஞாபகம் இருக்கிறதா? நாலு பேர் குடும்பத்துக்குக் கடற்கரையோரம் ஒரு வார இறுதி வீடு. தாளைப் படித்துவிட்டு என் காதில் கேட்டாய்: "வாரக் கடைசில இங்க வந்தா, மத்த நாள்ல எங்கடி இருப்பாங்க? ரெண்டு வூடா?" அஸ்தினாபுரத்தில் தனி அறை வைத்துக்கொண்டு வளர்ந்த எனக்கு அப்படிக் கேட்கவே தோன்றியதில்லை.

நீ வரைந்த வீட்டில் ஒரே ஒரு பெரிய ஹால். படுக்கையறையே கிடையாது. கூரையை, உன் அப்பா வேலை பார்த்த திருமுடிவாக்கம் பட்டறையில் மிஞ்சிய தகரத்தில் வளைத்திருந்தாய். வகுப்பிலேயே அழகான மாடல் அதுதான். செத்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அன்றைக்கே பொறாமைப்பட்டேன்.

ஜூரி என்றால் ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து நம் டிசைனைக் கிழிப்பது. பிடிக்காத பாகத்தை மாடலிலிருந்து கையாலேயே பிய்த்துப் போடுவார்கள். அதற்குப் பயிற்சி என்று பெயர்.

"இந்த வீட்ல ஆளுங்க எங்க தூங்குவாங்க?" என்றார் டிசைன் சார்.

"ஹால்லதான் சார். அல்லாரும் ஒண்ணாதான் படுப்பாங்க."

அறையே சிரித்தது. "இது வீடா, கொட்டகையா?" என்று கூரையில் கை வைத்தார். தகரம் என்பதால் உடனே வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் முறுக்கினார். "பேசாம அப்பா பட்டறையிலயே சேர்ந்திருக்கலாமே," என்றார். நீ அழவில்லை. குனிந்து தகரத்தைப் பொறுக்கினாய்.

டிசைனில் ஃபெயில். ஃபெயிலானால் கட்டணச் சலுகை போய்விடும் என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தவள், அடுத்த ஆண்டு படிப்பை விட்டுப் பள்ளிக்கரணையில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டரில் கோடு போட்டாய். எல்லாம் யார் யாருக்கோ படுக்கையறைகள். கீழே கையெழுத்து எப்போதும் வேறொருவருடையது. அந்த ஆபீஸுக்குப் போகிற வழியில்தான் தண்ணீர் லாரி உன் ஸ்கூட்டியில் ஏறியது.

அதே சார்தான் இப்போது துறைத் தலைவர். நேற்று அறைத் திறப்பு விழாவில் உன் படத்துக்கு மாலை போட்டார். ஜூரிக்குப் போகுமுன் நான் எடுத்த படம் அது. உன் கையில் மாடல், கூரை முழுசாக. படம் வேண்டும் என்று கேட்டபோது வேண்டுமென்றே அதைத்தான் கொடுத்தேன், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க. ஒன்றும் போகவில்லை. "எங்க குடும்பத்துப் பொண்ணு," என்று மைக்கில் தழுதழுத்தார். அந்தக் கூரை அவருக்கு ஞாபகமே இல்லை.

முன்வரிசையில் இருந்த உன் அம்மா உட்கார்ந்தபடியே கேட்டார்: "எம் பொண்ணு கட்ன வூடு எங்க கீது சார்? ஒரு தபா பாக்கணும்."

சமாளி என்பதுபோல் சார் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் கட்டல ஆன்ட்டி. கட்ட விடல," என்றேன். "ஃபெயிலாக்கினது இவர்தான். இந்தப் படத்துல இருக்கற கூரையப் பிய்ச்சுப் போட்டதும் இவர்தான்." மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

உன் அம்மா எழுந்து சுவரருகே போனார். பசை காயவில்லை. நகத்தால் நெம்பி, உன் பெயரை எழுத்து எழுத்தாகப் பிய்த்து முந்தானையில் போட்டுக்கொண்டார். "படிக்க வுடாத எடத்துல பேரு மட்டும் இன்னாத்துக்கு?" யாரும் தடுக்கவில்லை. கீழே விழுந்த ஓர் எழுத்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். "நீயே வெச்சுக்கோம்மா," என்றார்.

அது என் பையில் இருக்கிறது. படித்து முடித்து ஆர்க்கிடெக்ட் ஆன என்னை, அடுத்த ஜூரியில் உட்கார ஏற்கெனவே அழைத்திருக்கிறார்கள். இப்போது வராதே என்று சொல்ல அவர்களுக்குத் துணிச்சல் வராது, நானும் நின்றுகொள்ளப் போவதில்லை. எந்தப் பிள்ளையின் மாடலை நோக்கி அவர் கை நீண்டாலும், உன் எழுத்தை எடுத்து அவர் முன்னால் வைப்பேன். அவருக்கு வயதாகிவிட்டது, நெஞ்சுவலி வேறு என்கிறார்கள். இருக்கட்டும்.