கடைசி வரிசைக்கும் கேட்கும்படி

1774, ஆகஸ்ட் 29, திங்கள்

இன்று பள்ளியில் என் தோழி சப்மிட் என் பக்கத்தில் உட்காரவில்லை. பெஞ்சின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன். "எங்கப்பா உன்கூடப் பேசக் கூடாதுன்னுட்டாரு. நீங்க ராஜா கட்சியாம்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தையலைத்தான் பார்த்தாள்.

எங்களை ஆளும் ராஜா இருக்கிற லண்டனில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இனி எங்கள் மாசசூசெட்ஸில் நீதிபதிகளை ராஜாவின் ஆட்களே நியமிப்பார்கள், சம்பளத்தையும் ராஜாவே கொடுப்பார். நாங்கள் ஊர்க்கூட்டம் கூடுவதற்குக்கூடக் கவர்னரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். ஏற்கெனவே இங்கே நீதிபதியாக இருக்கிற அப்பா அந்தப் புது நியமனத்தை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வாசலை யாரும் மிதிக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் மெழுகுவத்தித் துண்டு ஒன்றை எடுத்து வந்து எழுதுகிறேன். இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் 31

எங்கள் குதிரையின் வாலை யாரோ ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஈ ஓட்ட முடியாமல் அது காலை உதைத்துக்கொண்டே நிற்கிறது. அப்பா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அம்மா ஜன்னல்களை அடைத்துவிட்டுத்தான் தேநீர் போடுகிறாள். ஊரில் தேநீர் குடிப்பது என்றால் ராஜாவுக்கு வரி கட்டுவது என்று அர்த்தம். "பாஸ்டனுக்குப் போயிடலாம். அங்க ராஜாவோட பட்டாளம் இருக்கு. மத்த ஜட்ஜுங்கல்லாம் மூட்டை கட்டியாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள். அப்பா சொன்னார்: "இது என் ஊர். நான் எங்கே போவேன்?"

செப்டம்பர் 4, ஞாயிறு

தேவாலயத்தில் நாங்கள் உட்கார்ந்ததும் முன் வரிசைக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். பின்னால் இருந்தவர்களும் போனார்கள். அப்பா கடைசிவரை பாட்டு பாடினார். அவர் குரல் எப்போதும் சன்னம்தான். இன்று அது மட்டுமே கேட்டது.

செப்டம்பர் 5

சப்மிட் வீட்டுக் கொல்லுப் பட்டறை வாசலில் பெரிய தார்ச் சட்டி கொதிக்கிறது. கண்ணால் பார்த்தேன். பக்கத்து ஊரில் ஒருவருக்குத் தார் பூசி, இறகு ஒட்டி, கட்டையில் உட்கார வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிப் போனார்களாம். அவருடைய தோல் தாரோடு உரிந்துவந்ததாம்.

நாளைக்குத்தான் கோர்ட் திறக்கும் நாள்.

தேவனே, அப்பாவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பு.

செப்டம்பர் 6

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடியும்போதே மாவட்டத்து ஊர்கள் எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படை, ஒவ்வொரு படைக்கும் அவர்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்த தலைவர். எங்கள் ஊருக்குத் தலைவர் ராய்ஸ் கொல்லர், சப்மிட்டின் அப்பா. கோர்ட்டுக்குள் புகுந்து உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டார்கள். அப்பா கறுப்பு அங்கியும் பொய்முடியும் தொப்பியுமாகப் போய்த் தன் கோர்ட் கதவைத் தானே தட்டினார். "இன்னிக்குக் கோர்ட் லீவு, ஜட்ஜ் ஐயா!" என்று உள்ளிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்கள். அப்பா மேல் யாரும் கை வைப்பதில்லை என்பதற்குத் தூக்கினார்கள். அவர் பதவியை விட்டேன் என்று எழுதிப் படிக்க வேண்டும் என்பதற்குத் தூக்கினார்கள். நடுவில் சாப்பிடப் போகலாமா என்பதற்கும் தூக்கினார்கள், அதற்குத்தான் அதிகக் கைகள். அப்பா எழுதிய முதல் தாளில் "கூட்டத்தின் நெருக்கடியால்" என்று இருந்ததாம். கட்டாயத்தால் விட்டதாக எழுதினால் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது தாளை ஒப்புக்கொண்டார்கள்.

சாலையின் இரு பக்கமும் படைகள் வரிசையாக நின்றன. நடுவில் அப்பா மட்டும். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். அந்தத் தொப்பிக்கு முன்னால்தான் இவர்கள் இத்தனை வருஷம் தங்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அப்பா கோர்ட்டில் மெல்லத்தான் பேசுவார், வேண்டுமென்றே. அப்போதுதான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பார்களாம். இன்றும் அப்படியே படித்தார்.

"கேக்கலை!"

"எங்க காதைக் கொண்டாந்து உங்க வாயில வைக்கணுமா, ஐயா?"

ராய்ஸ் கொல்லர் பக்கத்தில் வந்தார். "ஊர்க்கூட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கடைசி ஆளுக்குக் கேட்டாத்தான் செல்லும். மறுபடி படிங்க."

அப்பா படித்தார். இருமல் வந்தது. மறுபடியும் படித்தார். குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. சாலையின் அந்தக் கோடி வரை ஆட்கள் நின்றார்கள். ஒரு மண்கட்டி வந்து அப்பாவின் தோளில் உடைந்தது. "யார்ரா அது? கை தூக்கினோமா இல்லையா?" என்று கொல்லர் கத்தினார். ஆனால் கூட்டம் முணுமுணுத்தது. அவர் வேண்டுமென்றே மெல்லப் படிக்கிறார், நம்மை ஏமாற்றுகிறார் என்றார்கள். தார்ச் சட்டி என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

எப்படி வேலியைத் தாண்டினேன் என்று நினைவில்லை. அம்மா "ஹிட்டி! ஹிட்டி!" என்று கூப்பிட்டாள். "பொண்ணா நீ? சந்தையில மாடு விக்கிறவனாட்டம் கத்தற!" என்று தினமும் என்னைத் திட்டுகிற அம்மா.

நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க மெதுவாச் சொல்லுங்கப்பா. நான் சத்தமாச் சொல்றேன்."

"வீட்டுக்குப் போ" என்றார். உதடுதான் அசைந்தது.

"சொல்லுங்கப்பா."

கொல்லர் கூட்டத்தைப் பார்த்தார். "பொண்ணு சொன்னா செல்லுமா? கை தூக்குங்க!" கைகள் எழுந்தன.

அப்பா முணுமுணுத்தார். நான் கத்தினேன்: "ராஜா கொடுத்த பதவியை விட்டேன்! இந்த ஜனங்களின் சம்மதம் இல்லாமல் இனி எந்த நாற்காலியிலும் உட்கார மாட்டேன்!"

ஒவ்வொரு படைக்கு முன்னாலும் நின்று கத்தினேன். அடுத்த படை, அதற்கடுத்த படை. சாலைக் கோடியில் இருக்கும் குளத்தங்கரைக்கு வந்தபோது அது அப்பாவின் வார்த்தை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. யாரோ என் நெஞ்சுக்குள் மணி அடிப்பதுபோல் இருந்தது. கடைசி வரிசையில் தொப்பி போட்ட ஒரு கிழவர், "கேட்டுச்சு கண்ணு, நல்லாக் கேட்டுச்சு!" என்றார்.

ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஆனால் ராஜாவின் கோர்ட் எங்கள் ஊரில் இனி இல்லை. எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது.

அப்பா உறங்குகிறார். வீட்டில்தான்.

செப்டம்பர் 7

தொண்டை கட்டிவிட்டது. அம்மா தேனும் காடியும் கலந்து கொடுத்தாள். பிறகு தேயிலைப் பெட்டியை எடுத்துப்போய்ப் பன்றித் தொட்டியில் கொட்டினாள். ஜன்னல்கள் திறந்தே இருந்தன.

செப்டம்பர் 12

சப்மிட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தார் எதுக்குடி?" என்று கேட்டேன்.

"வண்டி அச்சுக்குத்தான். அவ்வளவு பேர் வண்டியில வந்தாங்கல்ல?" பிறகு, "எங்க வாத்து எல்லாம் இறகோடதான் இருக்கு, வேணும்னா வந்து எண்ணிக்கோ" என்றாள். ஆசிரியை அதட்டும் வரை சிரித்தோம்.

ஆனாலும் அப்பா தெருவில் இறங்குவதில்லை.

1775, ஏப்ரல் 20

லெக்சிங்டனில் ராஜாவின் பட்டாளம் சுட்டுவிட்டது. கொல்லர் பட்டறையை அப்படியே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனார். உலையில் நெருப்பு இருந்தது. அப்பா போய் அதை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு தெருவில் இறங்கியது அதற்குத்தான்.

1776, ஜூலை 21, ஞாயிறு

பதின்மூன்று மாகாணங்களும் இனி ராஜாவுடையவை அல்ல என்று தேவாலயத்தில் படித்தார்கள். கோர்ட்டின் மேலிருந்த ராஜாவின் சின்னமான மரச் சிங்கத்தை இறக்கி எரித்தார்கள். நல்ல ஓக் மரம், இரவு வரை எரிந்தது.

1780, மே 19

நான்கு வருஷமாக இதைத் தொடவில்லை. இன்று நடுப்பகலில் வானம் கறுத்துவிட்டது. கோழிகள் அடைந்தன. உலகம் முடிகிறது என்று பாதி ஊர் மண்டியிட்டது. கொல்லர் மட்டும், "முடிஞ்சா முடியட்டும், முடியலைன்னா திங்கக்கிழமை கூட்டம் உண்டு" என்றாராம்.

1780, மே 22, திங்கள்

உலகம் முடியவில்லை. கூட்டம் நடந்தது.

மாசசூசெட்ஸுக்குப் புது அரசியல் சட்டம் எழுதி, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரும் அதை வரிவரியாகப் படித்து, பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். நிலமில்லாதவனும் கை தூக்கலாம். எந்த ராஜா இப்படிக் கேட்டான்?

அப்பாவும் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு வோட்டு உண்டா என்பதற்கே முதலில் வோட்டு எடுத்தார்கள். ராய்ஸ் கொல்லர்தான் தலைவர், போரில் போன இரண்டு விரல் போக மீதிக் கையை முதலில் தூக்கியவரும் அவர்தான். பிறகு மெல்ல மெல்லக் கூரை வரை கைகள். அப்பா தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தைப் படிக்க வேண்டிய ஊர் எழுத்தருக்குச் சளி, குரல் இல்லை. கொல்லர் மாடியில் பெண்கள் பக்கம் அண்ணாந்து பார்த்தார். "படிக்க ஆள் இருக்குல்ல நம்மகிட்ட? ஹிட்டி, இறங்கி வாம்மா!"

படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் கைகள் எழுந்தன. என் கையை யாரும் எண்ணமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சப்மிட்டும் மாடியிலிருந்து கை தூக்கினாள், அதையும் எண்ணவில்லை. இருக்கட்டும். இன்றைக்கு என் வாயிலிருந்து வராத ஒரு சட்டமும் இந்த ஊரில் சட்டமாகவில்லை.

பதவியில் இருக்கிற எவரும், நீதிபதியானாலும் சரி, மக்களின் வேலைக்காரர்தான், எந்நாளும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற இடம் வந்தது. என் குரல் தானாகத் தணிந்துவிட்டது. யாரும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சன்னக் குரல்:

"கேக்கலை!"

அப்பா எழுந்து நின்றிருந்தார். கொல்லர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். எத்தனை வருஷம் ஆயிற்று.

மறுபடியும் படித்தேன், குளத்தங்கரை வரை கேட்கும்படி. அப்பா கை தூக்கினார்.