சின்னவனின் தாடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே அப்பா நலம், நானும் நலம், உன் தம்பியையும் நலம் என்று எழுதத்தான் கை வர மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் இந்த இரண்டு அறை வீட்டில் நான் இருமினாலே அவனுக்குக் கேட்கும், அதனால் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஃப்ரேம்களைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அவன் வாயைத் திறந்து பேசுவதே இல்லையடி. சாப்பிட்டாயா என்று கேட்டால் உதட்டில் விரலை வைக்கிறான், பிறகு அதே விரலால் காதோரத்திலிருந்து மோவாய் வரைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். நான் பல்வலி என்று நினைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன், அதையும் வாங்கி மரியாதையாகக் கொப்பளித்தான் பாவி. பிறகுதான் தெரிந்தது, அதற்கு மியூயிங் என்று பெயராம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டியே வைத்திருந்தால் தாடை எடுப்பாக வளருமாம், பேசினால் நாக்கு இறங்கிவிடுமாம். அழகைக் கூட்டுகிறேன் என்று செய்கிற இந்த மாதிரிக் கூத்துக்கெல்லாம் சேர்த்து லுக்ஸ்மேக்சிங் என்று பெயர். இவனைவிட லட்சணமான ஒருவன் பக்கத்தில் வந்து நின்றால் அவன் இவனை 'மாக்' பண்ணிவிட்டான் என்று அர்த்தமாம். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட இவனை மாக் பண்ணுகிறாராம், அதனால் இப்போது கதவைத் திறப்பதும் நான்தான், கேனைத் தூக்குவதும் நான்தான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். டேய், இத்தனை வருஷமா பஸ் ஓட்டறேன், ஒருத்தனாவது என் தாடையைப் பாத்து வண்டியில ஏறியிருக்கானாடா என்று கேட்டார். இவன் சாப்பிட்ட தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதிலிருந்து அவர் சிரிப்பதில்லை.

ரப்பர் மாதிரி ஏதோ ஒரு சூயிங் கம்மை நாள் முழுக்க மென்று, ஒரு நாள் கொட்டாவி விட்டவனுக்கு வாய் மூட வரவில்லை. பல் டாக்டரிடம் ஓடினோம். அவர் தாடையை அழுத்திச் சரிசெய்துவிட்டு, எலும்பு வளர்ற வயசெல்லாம் தாண்டிடுச்சு தம்பி, இனிமே மூட்டுதான் கெடும் என்றார். வெளியே வந்ததும் இவன் வாய் திறந்தான். அவருக்கே தாடை இல்ல, அவர் பேச்சை நான் கேக்கணுமா என்றான். அவன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்ற சந்தோஷத்தில் எனக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

போன வாரம் குளியலறையில் தொம் தொம் என்று சத்தம். துணி துவைக்கிறான் போல என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தால் தன் கன்னத்து எலும்பிலேயே அடித்துக்கொண்டிருக்கிறான். அடிபட்டு மறுபடி கூடினால் எலும்பு கூர்மையாகுமாம், எவனோ வீடியோவில் சொன்னானாம். கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த முகத்தோடு வேலைக்கான நேர்காணலுக்கும் போகவில்லை. ஏண்டா என்றால், முகம் இன்னும் முடியலம்மா என்கிறான், ஏதோ கட்டிடம் எழுப்புகிற மாதிரி.

நான்தான் ஆரம்பித்து வைத்தேனோ என்று மனசு அரிக்கிறது. அவனுக்குக் கண்ணாடி மாற்றிய அன்று, கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய், உனக்கு உருண்டை முகம், மோவாய் சின்னது, சதுர ஃப்ரேம் போட்டா ஈடு கட்டிடும் என்று சொல்லிவிட்டது. எத்தனையோ பேரிடம் சொல்கிற பேச்சுதான். அவன் மட்டும் எதை ஈடு கட்டணும் என்று கேட்டான். நான் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

குளியலறையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு என்னடா குறைச்சல் என்று அழுதேன். அவன் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதே கன்னம், அதே மோவாய், பக்கத்துப் பக்கத்தில். உனக்கு அப்பா முகம் வந்தது, அவன் என்னை அப்படியே உரித்து வைத்துப் பிறந்தான், பார்க்க வந்தவர்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை. நான் கண்ணாடியையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, உன்னைச் சொல்லலம்மா என்றான். என்னைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? நீ அழகன்தான் என்று நான் சொன்னால், சொல்கிறதும் அதே முகம்தானே, அவன் எப்படி நம்புவான்?

நீயாவது அவனைக் கூப்பிட்டுப் பேசு. முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், இந்தக் கடிதத்தைப் பற்றியும் வேண்டாம். உன் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, என்ன செய்யலாம் என்று கேள். அதற்காவது நாலு வார்த்தை பேசுவான்.

ஏழாம் மாதம், மாடிப்படியை ஓடி ஏறாதே, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. தாயும் பிள்ளையுமாக நூறு வயது இருக்க வேண்டும் நீங்கள். குழந்தை பிறந்ததும் யார் சாயல் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அது மாப்பிள்ளை சாயலாகவே இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் சாயலாக வந்துவிட்டால், சின்னவனுக்குத் தெரிகிற மாதிரி படம் அனுப்பாதே, எனக்கு மட்டும் அனுப்பு.

அன்புடன்,
உன் அம்மா