பார்சலில் வந்த பாசி

2008 ஜூலை 3, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை, ஆகவே இன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. இவர் லயத்துக்குப் பின்னால் தொட்டிகளில் விழுந்த இறப்பர் இலைகளை அள்ளிக்கொண்டு. தொட்டி நான்கு. மூன்றில் நீர்ச்செடி, மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நடுகிற வகை. நான்காவது காலி, பாசிக்காக.

அந்தப் பாசியைக் கொம்பியூட்டரில் படம் காட்டியவர் ஃபாரூக் நானா. அவிசாவளையில் வளர்ப்பு மீன் கடை, எங்கள் செடி முழுக்க அவருக்குத்தான். சிங்கப்பூர்ப் பாசியாம். மரத்துண்டில் கட்டித் தண்ணீரில் போட்டால் கம்பளி போலப் படருமாம். கொழும்பில் கேட்டு அலைகிறார்களாம். தன் கார்டிலேயே ஓடர் போட்டார். பெயரும் விலாசமும் இவருடையது. "வளக்கிற ஆள்ட பேர்லயே வரட்டுமே" என்றார்.

இன்று விற்கிறவனிடமிருந்து நானாவின் கொம்பியூட்டருக்கு ஒரு கடிதம். ஓடர் நம்பர், இரண்டு கேள்வி, அவ்வளவுதான். இறக்குமதி பெர்மிட் உண்டா? பார்சல் லேபலில் என்ன எழுத? நானா புத்தளத்தில் கலியாண வீட்டுக்குப் போகிற அவசரம். பிரின்ட் எடுத்து ஓரத்தில் கிறுக்கிக் கொடுத்தனுப்பியிருந்தார்: பெர்மிட் வாணாம், சின்னப் பார்சல்தானே, லேபலுக்கு நீங்களே பதில் போடுங்க.

குடையோடு தெஹியோவிட்ட போனேன். ஃபோன் பேச, ஈமெயில் அனுப்ப இருக்கிற கொமினிகேஷன் கடையில் நிரோஷி, எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளை, இங்கிலீஷ் தெரியும்.

"உள்ள என்னா சாமான் அக்கா?"

"பாசி."

"வெறும் பாசின்னு போட்டாப் போதுமா?"

"உள்ளதைப் போடு. பொய்யெல்லாம் வேணாம்."

தட்டி அனுப்பிவிட்டாள். வேலை முடிந்தது.

வாங்க: சீனி, நெருப்புப்பெட்டி, இவர் தோளுக்கு எண்ணெய், கட்டுகிற நூல் (கறுப்பு).

ஜூலை 9, புதன்

வெயில். எல்லோரும் மலைக்கு. இவர் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, இடது கையால் தாங்கித் தாங்கி வெட்டினாராம். கங்காணி பார்த்துவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடி?" என்று கேட்டிருக்கிறான். பாசி பிடித்துவிட்டால் இவரைக் கத்தி தொட விடமாட்டேன். சத்தியம்.

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு: "காசு குடுத்துப் பாசி வாங்குறாங்களாம்டி. எங்க வீட்டுச் செவுத்துல சும்மாவே கெடக்கு, வந்து சொரண்டிக்கிட்டுப் போகச் சொல்லு." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

தோட்டக் கந்தோருக்குத் தபாலில் ஒரு துண்டுக் கடிதம் வந்திருக்கிறது. சிங்களத்தில். பார்சலைப் பரிசோதிக்க வேண்டும், அடையாள அட்டையோடு உரியவர் கொழும்புக்கு நேரில் வரவும். இவருக்கு ஒரே சந்தோசம். வெள்ளைச் சட்டையைக் கழுவிப் போட்டேன். மழையில் காயவில்லை, அடுப்புப் பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். புகை நாறும். நாறட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் பஸ்ஸில் போனார். பத்து மணிக்கு ஃபோன்: "வரிசையில நிக்கிறேன். தொட்டித் தண்ணி மாத்தி வையி." மாற்றினேன். இரண்டு மணிக்கு நான் அடித்தேன், எடுக்கவில்லை. நான்கு மணிக்கு ஃபோன் ஓஃப்.

கடைசி பஸ்ஸிலும் இல்லை.

ஜூலை 16, புதன்

வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் ஃபோனில் யாரோ சிங்களத்தில் பேசினார். உன் புருசன் பொலிஸில், விசாரிக்கிறோம், கிராம சேவகரிடம் கடிதம் கொண்டு வா. எந்த பொலிஸ் என்று இரண்டு தரம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

நானாவுக்கு ஃபோன் அடித்தேன். விசயம் கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. "தங்கச்சி, ஒண்டும் யோசிக்க வாணாம். நான் வாரன்." யோசிக்க வேண்டாமாம். உங்கள் பெயரில் போட்டிருந்தால் தெரியும், யார் யோசிப்பது என்று. வாயில் வந்தது, விழுங்கினேன். அந்த மனிதர் வராவிட்டால் எனக்கு யார்?

ஜூலை 19, சனி

கிராம சேவகர் கடிதம், தோட்டத்துத் துரையின் கடிதம், கலியாணப் பதிவு, இவர் மாற்றிக் கட்டச் சாரம் ஒன்று. நானாவோடு கொழும்பு. சண்டை நேரம், வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள்.

இவரைக் காட்டவில்லை. பொலிஸ் சாஜன் ஒருவர், வயதானவர், கெட்டவர் மாதிரி இல்லை. பெட்டியின் படத்தை மேசையில் போட்டார். ஈரப் பொலித்தீன், அதற்குள் பச்சை. லேபலைத் தொட்டுக் காட்டி, "மேக்கே தியென்னே பபளு கியலா" என்றார். இதில் பபளு என்றுதானே இருக்கிறது என்கிறார்.

பபளு. கழுத்தில் போடுகிற பாசிமணி.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண் 'பாசி'யை மணி என்று நினைத்து இங்கிலீஷில் தட்டியிருக்கிறாள். நம்ம சனத்துக்குக் கழுத்தில் போட்டாலும் பாசி, கல்லில் வழுக்கினாலும் பாசி.

இவரிடம் உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "பாசி சேர்" என்றிருக்கிறார். சிங்களத்திலும் பாசி என்ற சொல் உண்டு, ஆனால் அது மணி இல்லை. தண்ணீரில் வளர்வதற்கு மட்டும்தான் பாசி. ஆக, உள்ளே இருப்பது தெரிந்துகொண்டே வெளியே மணி என்று எழுத வைத்தவன் என்று ஆகிவிட்டது. தமிழன், லயத்து விலாசம், வெளிநாட்டுப் பார்சல், கள்ள லேபல். உண்மையைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டார். ஐயோ, நான் போட்ட பதில். இவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

சாஜனிடம் சொன்னேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று. நம்புகிற மாதிரித் தலையாட்டிவிட்டு, "எழுத்தில கொண்டு வாங்க நோனா" என்றார். தமிழும் சிங்களமும் கலந்து.

ஜூலை 20, ஞாயிறு

நிரோஷி வீட்டுக்குப் போனேன். அடிக்கத்தான் போனேன். வாசலில் நின்று கத்தினேன், லயமே வெளியில் வந்தது. அவள், "பாசின்னா இதுதானே அக்கா" என்று கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பத்தொன்பது வயசு. அடிக்க முடியவில்லை. என்னிடம் தெளிவாகக் கேட்கத்தான் கேட்டாள், நான்தான் பெரிய அரிச்சந்திரன் மாதிரி உள்ளதைப் போடு என்றேன்.

கடையைத் திறக்கச் செய்து, போன கடிதம் வந்த கடிதம் எல்லாம் பிரின்ட் எடுத்தோம். விற்கிறவன் மறுபேச்சில்லாமல் "சரி, அப்படியே எழுதுகிறேன்" என்று போட்டிருக்கிறான். நாங்கள் தந்திரமாய்ச் சொல்கிறோம் என்று நினைத்திருப்பான்.

தொட்டியில் செடி அழுகுகிறது. அள்ள மனம் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

செடி பரிசோதிக்கிற கந்தோர். நானாவும் நானும். அங்கே இருந்த அதிகாரி அம்மா பிரின்ட்டை எல்லாம் பொறுமையாக வாசித்தார். தமிழ் தெரிந்த பியோனைக் கூப்பிட்டு, பாசி என்றால் என்ன என்று கேட்டார். அவர், "ரெண்டும்தான் மிஸ்" என்றார். அந்த மனிதர் நன்றாயிருக்க வேண்டும்.

உயிருள்ள எந்தச் செடிக்கும் முதலில் இங்கே பெர்மிட், அனுப்புகிற நாட்டில் நோயில்லை என்று சான்றிதழ். பார்சல் சிறிதென்றாலும் சட்டம் ஒன்றுதானாம். நானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து, "என்ட பிழைதான் தங்கச்சி. பெரிய பிழை" என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை.

பொலிஸுக்குக் கடிதம் தந்தார்கள். இது பாசிதான், வேறொன்றும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

விட்டுவிட்டார்கள். பத்து நாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வேண்டாம் என்றார். அடித்தார்களா என்று கேட்டேன். "வெயில் இல்ல, நல்லாயிருக்கு" என்றார். லேபல் விசயத்தை, என் வாயால் வந்த வினையை, வீட்டுக்கு வந்து சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்று இருந்தேன். "அப்பிடியா" என்றார்.

சோறு, பருப்பு, கருவாடு. பாதி வைத்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

மழை விட்டு வெளிச்சம். இவர் தலைவாசலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு. கொஞ்சம் பேசினார், கோழி பற்றி. எனக்கு உயிர் வந்தது.

பதினொரு மணிக்குத் தபால்காரர். பதிவுத் தபால். படியில் ஏறும்போதே வழக்கம் போல இவர் முழுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்: "முத்தையா சுப்பிரமணியம்!"

கோப்பை விழுந்தது. இவர் எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் பின்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, "எஸ் சேர்" என்றார்.

தபால்காரர் என்னைப் பார்த்தார். நான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பார்சலை எரித்துவிட்டார்களாம். இனிமேல் தருவிப்பதானால் பெர்மிட்டுக்கு நிரப்ப வேண்டிய விண்ணப்பப் பாரமும் கூடவே வைத்திருந்தது.

"ஏங்க, தபால்தாங்க" என்றேன். இன்னும் திரும்பவில்லை.