மூலையில் குதித்த மூன்று வரன்கள்

பிரின்சி பாப்பாவுக்கு,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா மீஞ்சூருக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறாள். பத்து மணிக்கு உன் இரண்டாவது ரவுண்டு இன்டர்வியூ நடக்கும்போது வீடு அமைதியாக இருக்கும். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

கம்ப்யூட்டரில் கீழ் மூலையில் வந்து வந்து நிற்கிற நோட்டிபிகேஷன் பெட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டேன். மழை வரும் என்று சொல்வது, வைரஸ் என்று மிரட்டுவது எல்லாம் போயிற்று. நீ கண்டதையும் அழுத்துவதால்தான் வருகிறது என்று திட்டினேன் அல்லவா? அழுத்தியது நான். பிளான்ட்டில் பேனலில் அலாரம் வந்தால் 'அக்செப்ட்' அழுத்தியே பழகின கை, வீட்டிலும் அனுமதி கேட்டு வந்ததற்கெல்லாம் 'அலோ' கொடுத்திருக்கிறது.

திங்கட்கிழமை முதல் ரவுண்டில் தேர்வாய் கண்டிகை கம்பெனிக்காரர்களுக்கு நீ ஸ்கிரீனைக் காட்டும்போது, மேட்ரிமோனியிலிருந்து "பிரின்சிக்கு மூன்று புது வரன்கள்" என்று குதித்ததே, அதுவும் நான் கொடுத்த அலோதான். அவர்கள் சிரித்தது எனக்கும் கேட்டது. "இதுக்குப் போயி இன்னாத்துக்கு அழுவுற?" என்று உன்னைக் கேட்டிருக்கக் கூடாது.

அப்பா

பி.கு. கரண்ட் போனால் பதறாதே, யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும்.

இன்னும் ஒன்று. மேட்ரிமோனியில் பெட்டியை மட்டும் நிறுத்தவில்லை, உன் புரொஃபைலையே எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சாயங்காலம் நானே சொல்லிக்கொள்கிறேன். எடுக்கும்போது காரணம் கேட்டது. 'கல்யாணம் முடிவாகிவிட்டது' என்று ஒன்று இருந்தது. 'பெண் வேலைக்குப் போகிறாள்' என்று இல்லை. அதனால் 'மற்றவை' அழுத்தினேன். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.