நாலாவது மாடி என்கிற கூரை

மார்ச் 3
இரவுச் சாப்பாட்டின் நடுவில் கீழ்வீட்டு ரூஜா இரண்டு ஈரப் படுக்கை விரிப்புகளோடு உள்ளே வந்து, எங்கள் தலைக்கு மேல் காயப்போட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு உரிமை இருக்கிறது. ஒன்பது வருடமாக நாங்கள் குடியிருப்பது இந்தப் பழைய கட்டடத்தின் உச்சியில், எல்லாருக்கும் பொதுவான துணி உலர்த்தும் அறையில். சூப்பில் சொட்டிய தண்ணீரைப் பார்த்து என் கணவர் தோமா, "விடு தேசா, உப்பு சரியாயிருச்சு" என்றார்.

போன இலையுதிர் காலத்தில் நகராட்சிக் குலுக்கலில் எங்களுக்கு வீடு விழுந்தது. மலிவு வாடகை, நாலாவது மாடி. இதுவரை இரண்டு மாடி எழும்பியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சமையல் முடிந்ததும் தினமும் அந்த வழியாகத்தான் திரும்புகிறேன், செங்கல் ஏறுகிறதா என்று பார்க்க. இந்த வாரம் ஏறவில்லை.

மார்ச் 17
தலைநகரத்தில் பணத்தை வெட்டிவிட்டார்கள். வீட்டுவசதி அலுவலக இயக்குநர் வுகாஷின் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தாலே விஷயம் மோசம்.

"மூணாவது, நாலாவது மாடிக்குத்தான் காசு வராது. யாரும் பயப்படாதீங்க. உங்க வீடு உங்களுக்குத்தான்."

"அது எங்க சார் இருக்கு?" என்றார் தோமா.

"அதே இடத்துலதான். கட்டலை, அவ்வளவுதான்."

மார்ச் 24
எங்களுக்கு வீடு கிடைத்துவிட்டதால் காத்திருப்போர் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 26
ரூஜாதான் கட்டடச் சங்கத் தலைவியும். விரிப்பை எடுக்க வந்தவள் சொன்னாள்: "வீடு விழுந்தவளுக்கு இந்த ரூம் எதுக்குடி? டிசம்பருக்குள்ள காலி பண்ணிடு."

"அதைக் கட்டவே இல்லையேடி!"

"அது உனக்கும் உன் வீட்டுக்கும் உள்ள சண்டை. என்னை இழுக்காத."

பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். அம்பத்திரண்டு வயசுல வீடு கிடைச்ச பாவத்துக்கு வீதியில நிக்கணுமா? கிடைக்காமலே இருந்திருந்தா நிம்மதியா ஈரத்துணிக்கு அடியில கிடந்திருப்பேனே — யார்கிட்ட போய்ச் சொல்ல இதை?

ஏப்ரல் 20
வுகாஷின் பள்ளிக்கூடச் சமையலறைக்கே மூச்சு வாங்க வந்துவிட்டார். வெட்டியது மாடிகளுக்கான பணத்தை மட்டும்தானாம். கூரைக்கான பணத்தை யாரும் தொடவில்லை. பழைய மேயர் செம்புத் தகட்டில் கூரை வேய ஆசைப்பட்டதால் அந்தத் தொகை கொழுத்துக் கிடக்கிறது.

"கூரை இவ்வளவு உயரம்தான் இருக்கணும்னு எவனும் எழுதலை, தேசாம்மா!"

"அதனால?"

"ரெண்டாவது மாடிக்கு மேல கூரை போடறோம். ஆறு மீட்டர் கூரை. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கூரை வாயைத் திறந்து சொல்லவா போகுது?"

பீன்ஸ் அடிப்பிடித்துப்போனது. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் அந்த மனிதரை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

ஜூன் 9
மேஸ்திரி ராதிஷா வேலையை நிறுத்திவிட்டார். முதல் உத்தரம் ஏறியதும் வீட்டுக்காரர் சட்டையும் துண்டும் கொண்டுவந்து அதில் தொங்கவிட வேண்டும், கட்டுகிறவர்களுக்கு மரியாதை. அதைச் செய்யாமல் எந்த ஊரில் கூரை ஏறியது? ஆனால் இந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் யார்? நகராட்சி. நகராட்சி சிமெண்ட் வாங்கலாம், சட்டை வாங்கக் கூடாதாம்.

ராதிஷா சாரத்தில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டே, "எனக்கு அவசரம் இல்லக்கா. மழைக்குத்தான் அவசரம்" என்றார். கடைசியில் குடிவரப் போகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டுபோனோம். வுகாஷின் தன் உடம்பில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கோட்டுக்குள் வெறும் பனியனோடு மேயரைப் பார்க்கப் போனார்.

ஜூலை 30
மூன்றாவது மாடி முடிந்தது. அதாவது கூரையின் கீழ்ப்பாதி. உத்தரத்தை இறக்கி இன்னும் மேலே ஏற்றினார்கள். ராதிஷா மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"போன மாசம்தானே குடுத்தோம்?" என்றேன்.

"மேல போறதுக்குப் பேரு என்னக்கா? கூரைதானே? கூரைன்னா சட்டை."

தோமா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னொரு மாடி ஏறினா நான் அம்மணமாத்தான் குடிபோகணும்" என்றார்.

செப்டம்பர் 14
கூரை போலத் தெரிய வேண்டுமே! இரண்டாவது மாடிக்கு மேல் நட்டமாக நிற்கும் சுவர்களிலும் ஓடு பதிக்கிறார்கள். கட்டடம் குளிருக்குத் தொப்பியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. பேருந்தை நிறுத்தி ஆட்கள் இறங்கிப் பார்க்கிறார்கள்.

வுகாஷின் எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார். சன்னல் என்று சொல்லக் கூடாது, காற்றுத் துளை. குளியலறை, மழைநீர் சேரும் இடம். படுக்கையறை, சாமான் போடும் மூலை.

"அப்ப நாங்க யாரு?"

"கூரையைப் பார்த்துக்கறவங்க."

"ராத்திரி பகலாவா?"

"கூரை முக்கியமில்லையா, தேசாம்மா?"

நவம்பர் 29
குடிவந்துவிட்டோம். பனி கொட்டுகிறது. சாமான் போடும் மூலையில் கட்டிலைப் போட்டோம். தோமா காற்றுத் துளையைத் திறந்து, மூடி, திறந்து — போதும்யா, குளிருது.

டிசம்பர் 17
நாளை மறுநாள் ஆய்வாளர் வருகிறார். தலைநகரத்துக்காக இந்த மாவட்டத்தைப் பார்க்கிறவர், மிலுதின் என்று பெயர். இது கூரையில்லை என்று அவர் எழுதிவிட்டால் பணமும் போகும், நாங்களும் போவோம். அன்று ஒரு நாள் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள் என்கிறார் வுகாஷின்.

"அன்னைக்கு நிக்கோலா நாள். எங்க குடும்பத்துப் புனிதர். கதவைப் பூட்டிட்டு எங்க சார் போறது?"

"நகராட்சி கெஞ்சிக் கேக்குதுன்னு வச்சுக்கங்களேன்!"

"நிக்கோலா கேக்கட்டும், போறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்து நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 19
விடியும் முன்பே எழுந்து கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினோம். இந்த நாளில் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. பத்து மணிக்கு ராதிஷா வந்தார். மூன்றாவது மாடிக்காரர்கள் வந்தார்கள். ரூஜாகூட வந்தாள், வெட்கமே இல்லாமல். பிறகு கதவு தட்டப்பட்டது.

ஒல்லியான மனிதர், நனைந்த காலணி, தோளில் பை. பின்னால் படிக்கட்டில் வுகாஷின், சுண்ணாம்பு நிறத்தில்.

"என்னம்மா இது? கூரையில குடியிருக்கக் கூடாது, தெரியுமில்ல?"

கோதுமைக் கிண்ணத்தையும் கரண்டியையும் நீட்டினேன். "அப்புறம் திட்டுங்க சார். முதல்ல எடுத்துக்கங்க."

அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். கை தானாக எழுந்து சிலுவை போட்டது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். சொந்த வீட்டில்தான் குடும்ப மெழுகுவர்த்தி எரியும், அங்கேதான் அந்தக் கோதுமையைத் தின்பார்கள். தின்ற வாயால் இது வீடில்லை என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கும் நாக்கு எழாது. அவரும் மெல்ல மெல்லத்தான் அதை உணர்ந்தார். முகத்தில் தெரிந்தது.

"என்னய்யா பண்ணிட்டேன் நான்?" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

"உக்காருங்க, மீன் ஆறிடும்" என்றார் தோமா.

உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். மீன், பீன்ஸ், முட்டைக்கோஸ், தோமாவின் பிளம் சாராயம். படிக்கட்டில் நின்று பசித்துப்போய் வுகாஷினும் வந்து சேர்ந்தார். கடைசியில் மிலுதின் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார், சுவரைப் பார்த்தார், நாடாவைப் பையிலேயே போட்டுவிட்டார்.

கிளம்பும்போது தோமாவை வாசலுக்கு வெளியே இழுத்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன். வெட்கமில்லை.

"அண்ணே... இதுக்கு மேல கூரையை இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமா?"

"எதுக்கு?"

"பதினோரு வருஷமா மாமியார் வீட்டுக் கூடத்துல படுத்திருக்கேன். என் பேரும் வரிசையில எங்கேயோ கிடக்கு."

வீடு வீடாக அளந்து திரிகிறவனுக்கு ஒரு வீடு இல்லை. பாவி மனுஷன்.

ஜனவரி 11
அறிக்கை வந்துவிட்டது என்று வுகாஷின் ஓடிவந்து சொன்னார். கூரை உறுதியாக இருக்கிறது. ஆனால் சிறிய பழுதுபார்ப்பு தேவை, உச்சியில்.

மார்ச் 2
காலையிலிருந்து தலைக்கு மேல் சுத்தியல் சத்தம். தோமா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

மிலுதினின் மனைவி யெலிசாவெதா முதல் தடவையாக இடம் பார்க்க வந்தாள். சின்னப் பெண், அதிகம் பேசவில்லை. காபி குடித்துவிட்டு, "சமையலறைக்கு எந்த நேரம் வெயில் வரும்கா?" என்று கேட்டாள். காலையில் வரும் என்றேன். இருவரும் ஏணியில் ஏறிப் பார்த்தோம். சமையலறை இருக்கும் இடத்தில் ஒரு காகம் பறந்துகொண்டிருந்தது. அவள் அங்கே கையை நீட்டி, "அடுப்பை இந்தப் பக்கம் வச்சுக்கறேன்" என்றாள்.